நீங்க பையனுக்கு என்ன வேணும்?

1

போன வருட ஐப்பசி மழைக்குப் பிறகு மறைமலைநகரில் எங்கள் அடுக்ககத்தில் வரிசையாக டெங்கு வந்தது. முதலில் கீழ்வீட்டுத் தாத்தா, பிறகு என் மகள், அதற்குப் பிறகு மூன்றாவது மாடிப் பையன். அவனுக்கு நாலரை வயது. அவனும் என் மகளும் ஒரே வேனில் பள்ளிக்குப் போகிறவர்கள். ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி பதினொன்றரைக்கு யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் அவனுடைய அம்மா. "கார் எடுக்க முடியுமா? காய்ச்சல் விட்டுடுச்சு. ஆனா கை காலெல்லாம் ஜில்லுன்னு இருக்கு."

டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரத்தில்தான் அதிகம் பயப்பட வேண்டும் என்று என் மகளுக்கு வந்தபோதே டாக்டர் சொல்லியிருந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் அந்த நேரத்தில் லாரிகள் மட்டும்தான். பத்து நிமிடத்தில் ஆஸ்பத்திரி.

ரிசப்ஷனில் இருந்த பெண் படிவத்தை என்னிடம் நீட்டினார். "சார், ஃபாதர் சைன் இங்க."

"நான் அப்பா இல்லைங்க. கீழ் மாடி."

பேனா அப்படியே பக்கத்தில் நகர்ந்தது. "அப்ப நீங்க மதரா?" அவர் தலையாட்டினார். ரிசப்ஷன் பெண் கம்ப்யூட்டரில் பையனின் பழைய ஃபைலைத் திறந்தார். "இதுல மதர் பேரு வேற இருக்கே?"

"அவங்க ஹைதராபாத்ல இருக்காங்க. ஆபீஸ் வேலை."

"அப்ப நீங்க பையனுக்கு என்ன வேணும்?"

இந்தக் கேள்வியைத் தமிழில் நாம் தினமும் கேட்கிறோம். கல்யாண வீட்டில், ரயிலில், சாவு வீட்டில். அதற்கு அவரிடம் பதில் இருந்தது. நாலரை வருடமாக ராத்திரி எழுந்து பால் கலக்கியவர், தடுப்பூசி அட்டையின் தேதிகளை மனப்பாடமாக வைத்திருப்பவர், அவன் இரண்டு பேரையும் 'அம்மா' என்றே கூப்பிடுகிறான். ஆனால் அந்தப் பதிலை எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ரிசப்ஷன் பெண்ணே முடித்துவைத்தார்: "சித்தின்னு எழுதிக்கோங்க மேடம். ஒண்ணும் பிரச்சனை இல்ல."

எழுதினார். பையனை உள்ளே கொண்டு போனார்கள். ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டான், இப்போது சௌக்கியமாக இருக்கிறான். அவர்கள் இருவரிடமும் கேட்டுவிட்டு, அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றித்தான் இதை எழுதுகிறேன்.

அந்த ராத்திரியில் என்னால் இன்றுவரை செரிக்க முடியாத விஷயம் ஒன்று. அந்தக் குழந்தைக்கு நான் யாரும் இல்லை. அவன் ரத்த வகைகூட எனக்குத் தெரியாது. ஆனால் "ஆமாம், நான்தான் அப்பா" என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் யாரும் என்னிடம் ஆதாரம் கேட்டிருக்க மாட்டார்கள். பேனா முதலில் என் கைக்குத்தான் வந்தது. அவனை வளர்த்தவர் உண்மையைச் சொல்லியிருந்தால்தான் சிக்கல்.

ரிசப்ஷன் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். அவர் நல்லவர், சட்டென்று ஒரு வழி கண்டுபிடித்துக் கொடுத்தார். நம் ஊரில் இப்படித்தான் எல்லாமே சமாளிக்கப்படுகிறது. அந்த ராத்திரி டூட்டியில் வேறு யாராவது இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்விக்கு மட்டும் பதில் இல்லை.

2

சில மாதங்களுக்கு முன்பு ஓர் இலக்கிய வாட்ஸப் குழுவில் 'பதாய் தோ' படத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. 2022 பிப்ரவரியில் வந்த இந்திப் படம். ஹர்ஷவர்தன் குல்கர்னி இயக்கம். ராஜ்குமார் ராவ் ஒரு போலீஸ்காரர், பூமி பெட்னேகர் உடற்பயிற்சி ஆசிரியை. அவருக்கு ஆண்களைப் பிடிக்கும், இவருக்குப் பெண்களை. வீட்டுத் தொல்லையிலிருந்து தப்பிக்க இருவரும் ஒருவரை ஒருவர் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். ரூம்மேட்ஸ் மாதிரி இருந்துகொண்டு அவரவர் காதலை அவரவர் பார்த்துக்கொள்ளலாம் என்று திட்டம். குடும்பத்துக்கு உண்மை தெரிந்த பிறகும் அவர்கள் விவாகரத்து செய்வதில்லை. காரணம், குழந்தை. தத்தெடுக்க வேண்டுமென்றால் காகிதத்தில் கணவன் மனைவியாக இருப்பது வசதி.

கடைசியில் குழந்தை வருகிறது. பூஜை நடக்கிறது. அம்மா அப்பா என்று உட்கார்வது இந்த இரண்டு பேர். சுமியின் காதலி ஓரமாக நிற்கிறாள். பிறகு அவளையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைக்கிறார்கள். எல்லோர் கண்ணிலும் தண்ணீர். குழுவிலும் அப்படித்தான். இதயம் இதயமாகக் கொட்டியது. "எவ்ளோ அழகான குடும்பம்", "இதுதான் ஃபீல் குட்".

எனக்கும் அந்தப் படம் பிடிக்கும். நானும் முதல் தடவை பார்த்தபோது கண் கலங்கினேன். ஆனால் அந்த ஆஸ்பத்திரி ராத்திரிக்குப் பிறகு மறுபடி பார்த்தபோது வேறொரு கணக்கு ஓடியது. அந்தப் பூஜையில் உட்கார்ந்திருக்கும் சுமியின் காதலி அந்தக் குழந்தைக்கு என்ன வேணும்? சட்டப்படி ஒன்றும் வேணாம். நாளை சுமி ஒரு விபத்தில் இறந்தால் குழந்தை போலீஸ்காரரிடம் இருக்கும். அவரும் இறந்தால் அவருடைய அண்ணன், பெரியப்பா, அத்தை என்று உறவுக்காரர்கள் வருவார்கள். தினமும் தூக்கி வளர்த்த பெண் வாசலில் நிற்க வேண்டியதுதான். அன்பினால் ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்ததால் அவள் பூஜையில் உட்கார்ந்தாள். கோர்ட்டில் யாரும் நகர்ந்து இடம் கொடுக்க மாட்டார்கள்.

படம் இதை மறைக்கவில்லை. நிஜத்தில் என்ன வழி இருக்கிறதோ அதைத்தான் காட்டியது: ஒரு பொய்க் கல்யாணம். நாம்தான் அந்தப் பொய்யைச் சந்தோஷமான முடிவு என்று எடுத்துக்கொண்டோம். நம் குழுவில் இதயம் போட்ட அதே நண்பர்களில் ஒருவர், நான் மேலே சொன்ன கணக்கை எழுதியதும் இப்படி எழுதினார்: "அவங்க சேர்ந்து வாழறதுல எனக்கு ஒரு எதிர்ப்பும் இல்ல. ஆனா குழந்தைன்னு வரும்போது…"

இந்தக் கட்டுரை அந்த 'ஆனா'வுக்கு எதிரானது.

3

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். 'ஆனா' சொல்கிறவர்களில் பலர் இதைப் பார்த்ததில்லை.

இந்தியாவில் தனியாக வாழும் ஒரு பெண் தத்தெடுக்கலாம். ஆண் குழந்தை, பெண் குழந்தை எதுவானாலும். தனி ஆணும் தத்தெடுக்கலாம், பெண் குழந்தையைத் தவிர. சேர்ந்து தத்தெடுக்க வேண்டுமானால் 2022ஆம் ஆண்டின் தத்தெடுப்பு விதிமுறைகளில் 5(3) குறுக்கே வரும்: குறைந்தது 2 வருட நிலையான மணவாழ்க்கை இருக்க வேண்டும். தன்பாலின இணையர் இங்கே மணம் செய்ய முடியாது, ஆகவே சேர்ந்து தத்தெடுக்கவும் முடியாது.

அதாவது இந்தச் சட்டத்துக்கு அப்பா இல்லாமல் ஒரு குழந்தை வளர்வதில் பிரச்சனை இல்லை. ஒரே ஒரு அம்மா போதும் என்று எழுதியே வைத்திருக்கிறது. இரண்டு அம்மா என்றால்தான் பிரச்சனை. "குழந்தைக்கு அப்பா அம்மா இரண்டு பேரும் வேணும்" என்று வாதிடுகிறவர்கள் தனிப் பெண் தத்தெடுப்பதை எதிர்த்து ஒரு போஸ்டாவது போட்டிருக்கிறார்களா? ஒன்று நல்லது, இரண்டு ஆபத்து என்பது எந்த ஊர்க் கணக்கு?

இன்னொன்றும் உண்டு. 2022 ஜூனில் மத்திய தத்தெடுப்பு ஆணையம் ஒரு சுற்றறிக்கை விட்டது. மணமாகாமல் துணையோடு சேர்ந்து வாழும் ஒருவர் தனி நபராகவும் விண்ணப்பிக்க முடியாது. ஆக என் மாடிவீட்டுக்காரர்களைப் போன்றவர்களுக்கு ஒரே வழிதான்: ஒருவர் தனிப் பெண், மற்றவர் ரூம்மேட். வீட்டை ஆய்வு செய்ய ஆள் வரும் நாளில் இரண்டு கட்டில், இரண்டு அறை. குழந்தை வந்த பிறகு ரூம்மேட் சித்தியாகிறார். பையனுக்கும் பழக்கியிருக்கிறார்கள். வீட்டுக்குள் இரண்டு பேரும் அம்மா, லிஃப்டுக்கு வெளியே ஒருத்தர் சித்தி. நாலரை வயசுப் பையன் லிஃப்ட் கதவு திறக்கும்போது வார்த்தையை மாற்றுவதை நான் கேட்டிருக்கிறேன். குழந்தையின் நலனுக்காகப் போட்ட விதி ஒரு குழந்தைக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்திருக்கிறது.

2023 அக்டோபர் 17ஆம் தேதி உச்சநீதிமன்றத்தில் சுப்ரியோ வழக்கின் தீர்ப்பு வந்தது. மணம் செய்வது அடிப்படை உரிமை இல்லை என்பதில் 5 நீதிபதிகளும் ஒன்றாக இருந்தார்கள். தத்தெடுப்பில் 3க்கு 2 என்று பிரிந்தார்கள். தலைமை நீதிபதி சந்திரசூட்டும் நீதிபதி கௌலும் 5(3)-ஐயும் அந்தச் சுற்றறிக்கையையும் ஏற்கவில்லை. மணமான ஆண் பெண் இணையர் மட்டும்தான் குழந்தைக்கு நிலையான வீட்டைத் தர முடியும் என்பதற்கு அரசு எந்த ஆதாரமும் காட்டவில்லை என்றார் சந்திரசூட். பெரும்பான்மை மூவர் விதியை நிலைநிறுத்தினார்கள். மறுஆய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடி.

2024இல் மத்திய அரசு சில சலுகைகளை அறிவித்தது. பால்புதுமையர் இணையரை ரேஷன் கார்டுக்கு ஒரே வீடாகக் கருதலாம். வங்கியில் கூட்டுக் கணக்கு தொடங்கலாம், ஒருவரை ஒருவர் நாமினியாகப் போடலாம். உறவினர் யாரும் இல்லாதபோது இறந்துபோன துணையின் உடலைப் பெற்றுக்கொள்ளலாம். நல்ல விஷயம்தான். ஆனால் அந்தப் பட்டியலில் குழந்தை என்ற சொல் இல்லை. மறைமலைநகர் ரேஷன் கடையில் இவர்கள் ஒரே குடும்பம், சர்க்கரை சேர்த்து வாங்கலாம். ஒருவர் இறந்தால் மற்றவர் உடலை வாங்கலாம். உயிரோடிருக்கும் பையனுக்குக் கையெழுத்துப் போடத்தான் அனுமதி இல்லை.

"உயில் எழுதி வைக்கலாமே, கோர்ட்டில் கார்டியனாக மனு போடலாமே" என்று வக்கீல் நண்பர் ஒருவர் சொன்னார். போடலாம். 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டப்படி நண்பர்கூட மனு போட முடியும். ஆனால் செங்கல்பட்டு கோர்ட்டில் ஏறி நின்றால் உண்மையைச் சொல்ல வேண்டும். சொன்னால், தனிப் பெண் என்று சொல்லித் தத்தெடுத்ததே கேள்விக்குள்ளாகுமோ என்ற பயம். உயில் எழுதினாலும் கூடப்பிறந்தவர்கள் எதிர்த்து வரலாம். அப்போதும் நீதிபதி கேட்கப்போகும் முதல் கேள்வி அதே கேள்விதான். நீங்க பையனுக்கு என்ன வேணும்?

4

இனி 'குழந்தை பாவம்' வாதத்துக்கு வருகிறேன். இதை வில்லன்கள் சொல்வதில்லை. என் அம்மாவே சொன்னார். அதனால்தான் இதற்குப் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

குழந்தையின் நலன் என்ற சொல் கோர்ட்டில் எப்படி வேலை செய்யும் என்பதற்கு அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் நடந்த ஒரு வழக்கு போதும். மேரி வார்ட் தன் மகளை வளர்த்து வந்தார். அவருக்கு ஒரு பெண் துணை. விவாகரத்தான கணவரிடம் பராமரிப்புத் தொகையை உயர்த்தித் தரும்படி கேட்டார். அவர் பதிலுக்குக் குழந்தையே வேண்டும் என்று வழக்குப் போட்டார். அந்தக் கணவர் தன் முதல் மனைவியைக் கொன்றதற்காகச் சிறை சென்று வந்தவர். 1995இல் நீதிபதி குழந்தையை அவரிடம் கொடுத்தார். 1996இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சில மாதங்களில், 1997 ஜனவரியில், மேரி வார்ட் இறந்துபோனார். ஒரு தட்டில் கொலை, இன்னொரு தட்டில் ஒரு பெண் இன்னொரு பெண்ணோடு வாழ்வது. எது குழந்தைக்கு ஆபத்து என்று அந்தக் கோர்ட் எடைபோட்ட விதம் இது. எல்லாம் குழந்தையின் நலன் என்ற பெயரில்தான்.

நாம் இதில் உணர்ச்சி இல்லாதவர்களா என்றால், அதுவும் இல்லை. 2011இல் 'தெய்வத்திருமகள்' வந்தபோது தமிழ்நாடே அழுதது. குழந்தை மனம் கொண்ட கிருஷ்ணாவிடமிருந்து நிலாவைப் பிரிக்கக் கூடாது என்று தியேட்டரில் விசும்பினோம். அவனால் வளர்க்க முடியுமா, வசதி இருக்கிறதா என்று மாமனார் தரப்பு கேட்ட கேள்விகள் எல்லாம் நியாயமானவைகூட. இருந்தும் நாம் கிருஷ்ணா பக்கம் நின்றோம், பாசத்துக்கு முன்னால் தகுதிச் சான்றிதழ் எதற்கு என்று. 'சூப்பர் டீலக்ஸ்' படத்தில் ராசுக்குட்டிக்கு அப்பா புடவையில் வந்தது பெரிய விஷயமாக இல்லை. மறுபடியும் விட்டுவிட்டுப் போய்விடக் கூடாது என்பதுதான் அவனுக்கு. அதற்கும் நாம் கைதட்டினோம். இருட்டில் உட்கார்ந்து கொடுக்கிற நியாயத்தை வெளிச்சத்துக்கு வந்ததும் திரும்ப வாங்கிக்கொள்கிறோம்.

"ஸ்கூல்ல கிண்டல் பண்ணுவாங்க." பண்ணுவார்கள். சாதி மாறிக் கல்யாணம் செய்தவர்களின் பிள்ளையையும் பண்ணுவார்கள். அப்பா ஓடிப்போன பிள்ளையையும், கறுப்பாக இருக்கிற பிள்ளையையும், திக்கிப் பேசுகிற பிள்ளையையும் பண்ணுவார்கள். கிண்டல் செய்கிறவன் பிடிக்காத குடும்பமெல்லாம் கலைய வேண்டுமென்றால் நம் பாதிப் பேர் பிறந்திருக்கவே கூடாது.

"ஆராய்ச்சி என்ன சொல்லுது?" நியாயமான கேள்வி. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2002இலேயே தன்பாலின இணையரில் இரண்டாமவரும் குழந்தையைத் தத்தெடுக்கும் உரிமையை ஆதரித்தது. இரண்டு பெற்றோரும் சட்டப்படி பெற்றோராக இருப்பது குழந்தைக்குப் பாதுகாப்பு என்பது அவர்கள் வாதம். இந்திய மனநல மருத்துவர்கள் சங்கம் 2023 ஏப்ரலில் மணம், தத்தெடுப்பு உள்ளிட்ட உரிமைகளில் பால்புதுமையரை மற்றவர்களைப் போலவே நடத்த வேண்டும் என்று அறிக்கை விட்டது.

"அவங்களும் சண்டை போட்டுப் பிரிஞ்சா?" இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. பிரிவார்கள். அவர்கள் ஒன்றும் தேவதைகள் இல்லை. அமெரிக்காவில் வி.எல்., இ.எல். என்று முதலெழுத்துகளால் மட்டும் அறியப்படும் இரண்டு பெண்களின் வழக்கு இருக்கிறது. 3 குழந்தைகள். பெற்றவர் இ.எல். அவருடைய சம்மதத்தோடு ஜார்ஜியாவில் வி.எல். சட்டப்படி தத்தெடுத்தார். பிரிந்த பிறகு, அந்தத் தத்தெடுப்பே செல்லாது என்று வாதாடியவர் பெற்றவர்தான். அலபாமா நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. 2016 மார்ச்சில் அமெரிக்க உச்சநீதிமன்றம் அதைத் திருத்தியது. காகிதம் இருந்ததால்தான் அந்தக் குழந்தைகளுக்கு இரண்டாவது அம்மா மிஞ்சினார். அன்பு இருக்கும்வரை காகிதம் தேவைப்படாது. அன்பு போன அன்றைக்கு, அல்லது ஆள் போன அன்றைக்குத்தான் தேவைப்படும். விவாகரத்துச் சட்டத்தையும் வாரிசுச் சட்டத்தையும் நாம் எல்லோருக்காகவும் அப்படித்தானே எழுதி வைத்திருக்கிறோம்?

5

"இதெல்லாம் மேல்நாட்டுச் சமாச்சாரம்" என்கிறவர்களுக்கு நம் ஊர்ச் சமாச்சாரம் ஒன்று சொல்கிறேன்.

1920களின் கடைசியிலிருந்து தமிழ்நாட்டில் சுயமரியாதைத் திருமணங்கள் நடந்தன. ஐயர் இல்லை, அக்னி இல்லை, மாலை மாற்றிக்கொண்டார்கள், பிள்ளை பெற்றார்கள், வாழ்ந்தார்கள். 1953இல் சென்னை உயர்நீதிமன்றம் தெய்வானை ஆச்சி வழக்கில் இப்படிப்பட்ட திருமணம் சட்டப்படி செல்லாது என்றது. அந்தப் பிள்ளைகள் நேற்றுவரை எப்படி இருந்தார்களோ அப்படியேதான் மறுநாளும் இருந்தார்கள். அதே வீடு, அதே அப்பா அம்மா. காகிதத்தில் மட்டும் அவர்கள் முறையான வாரிசுகள் இல்லை என்று ஆனது.

அண்ணா ஆட்சிக்கு வந்ததும் 1967இல் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். 1968 ஜனவரியில் ஜனாதிபதியின் ஒப்புதல் கிடைத்தது. இனிமேல் நடக்கும் திருமணங்களுக்கு மட்டும் என்று அவர்கள் எழுதவில்லை. அதற்கு முன் நடந்தவையும் செல்லும் என்று எழுதினார்கள். 40 வருடமாக வாழ்ந்துகொண்டிருந்த குடும்பங்களைப் பார்த்து "நீங்க ஏன் விதிப்படி வாழலை" என்று கேட்காமல் விதியைத் திருத்தினார்கள். மேடையில் இதைப் பெருமையாகச் சொல்லாத திராவிடக் கட்சி கிடையாது. அந்தப் பெருமைக்குள் ஒரு கொள்கை இருக்கிறது: குடும்பம் முதலில் வரும், தாள் பின்னால் வரும், இரண்டும் பொருந்தாவிட்டால் தாளைத்தான் மாற்ற வேண்டும். மாடிவீட்டுப் பையனுக்கு நான் கேட்பது அதே கொள்கையைத்தான்.

இன்னொரு கதை இலக்கிய வாசகர்களுக்கு. நாவலாசிரியர் கீதா ஹரிஹரன் 1984இல் தன் மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்க விண்ணப்பித்தார். அம்மாவின் கையெழுத்து போதாது, அப்பா கையெழுத்து வேண்டும் என்றது வங்கி. 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி இயற்கைப் பாதுகாவலர் அப்பா, 'அவருக்குப் பின்' அம்மா. அப்பா உயிரோடு இருக்கும்வரை அம்மா யாரும் இல்லை என்று அதற்கு அர்த்தம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1999இல்தான் உச்சநீதிமன்றம், 'பின்' என்றால் அப்பா இறந்த பின் என்று மட்டும் பொருள் இல்லை, அவர் பொறுப்பில் இல்லாத நிலையும் அதில் அடங்கும் என்றது. பெற்ற தாயே "நீங்க பையனுக்கு என்ன வேணும்" என்ற கேள்விக்கு 15 வருடம் வழக்காடிப் பதில் வாங்கிய நாடு இது. அன்றைக்கும் யாராவது குழந்தையின் நலன் பற்றி உபதேசம் செய்திருப்பார்கள்.

நான் 12 வருடமாக டேட்டாபேஸ் டிசைன் செய்கிறவன். வாடிக்கையாளரின் விவரம் எங்கள் ஃபீல்டில் அடங்கவில்லை என்றால் ஸ்கீமாவை மாற்றுவோம். வாடிக்கையாளரைப் பார்த்து "உங்க பேரைச் சுருக்கிக்கோங்க" என்று சொல்கிற புரோகிராமரை டீமில் வைத்துக்கொள்ள மாட்டோம். 'தந்தை பெயர்', 'தாய் பெயர்' என்று இரண்டு கட்டம் போட்டவர்களும் மனிதர்கள்தான். வேறு கட்டம் போடவும் மனிதர்களால் முடியும்.

6

2025 மே 22. சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதனும் வி.லட்சுமிநாராயணனும் ஓர் ஆட்கொணர்வு மனுவில் உத்தரவிட்டார்கள். 25 வயதுப் பெண்ணை அவளுடைய வீட்டார் பிடித்து வைத்திருந்தார்கள், மனு போட்டவர் அவளுடைய துணை. அந்தப் பெண் தன் விருப்பப்படி போகலாம் என்ற நீதிபதிகள் அதோடு நிறுத்தவில்லை. தன்பாலின மணத்துக்குச் சட்ட ஏற்பு இல்லாமல் இருக்கலாம், ஆனால் குடும்பம் அமைப்பதற்கு மணம் ஒன்றே வழி இல்லை, தாமே தேர்ந்தெடுத்த குடும்பம் என்பதும் குடும்பம்தான் என்றார்கள்.

அதே நாள் இத்தாலியின் அரசமைப்பு நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. அங்கே 2023இல் பதுவா நகரில் அரசு வழக்கறிஞர், பிறப்புச் சான்றிதழ்களிலிருந்து இரண்டாவது தாயின் பெயரை நீக்கச் சொல்லிக் கோர்ட்டுக்குப் போயிருந்தார். வெளிநாட்டில் செயற்கைக் கருத்தரிப்பு செய்துகொண்டு இத்தாலியில் பெற்ற குழந்தைக்கு, அதற்குச் சம்மதித்த இரண்டாவது பெண்ணையும் தாயாகப் பதிய மறுப்பது அரசமைப்புக்கு எதிரானது என்றது நீதிமன்றம். காரணமாகச் சொன்னது குழந்தையின் உரிமையைத்தான், பெரியவர்களின் ஆசையை இல்லை.

ஒரே நாளில் இரண்டு கோர்ட். நம் கோர்ட் இரண்டு பெரியவர்கள் ஒரு குடும்பம் என்பதுவரை வந்திருக்கிறது. அந்தக் குடும்பத்தில் ஒரு குழந்தை இருந்தால் என்ன என்ற கேள்வி இன்னும் அதன் முன்னால் வரவில்லை. வரும். எந்த மாதிரி வரும் என்பதுதான் என் பயம். ஒருவர் இறந்து, மாமாவோ பெரியப்பாவோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு போன பிறகுதான் வருமா? அதற்கு முன்னால் அரசு ஏதாவது செய்யுமா?

செய்ய முடிந்தவை பெரிய விஷயங்கள் இல்லை. 5(3)உம் அந்தச் சுற்றறிக்கையும் நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்கள் அல்ல. விதியையும் சுற்றறிக்கையையும் போட்டவர்களே மாற்றலாம். ஒருவர் தத்தெடுத்த அல்லது பெற்ற குழந்தைக்கு, அவர் சம்மதத்தோடு, கூட வளர்ப்பவரையும் இரண்டாவது பெற்றோராகப் பதியும் வழி வேண்டும். தமிழ்நாடு அரசுக்கும் வேலை இருக்கிறது. 2021இல் இணையரைப் போலீஸ் துன்புறுத்தக் கூடாது என்று உத்தரவிட்ட நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், 2023 நவம்பரில் இப்படிச் சேர்ந்து வாழ்கிறவர்கள் 'குடும்ப இணைப்புப் பத்திரம்' மாதிரி ஒன்றைப் பதிவு செய்துகொள்ளும் முறையைப் பரிசீலிக்கச் சொன்னார். அதை நடைமுறைப்படுத்தி, அதில் குழந்தைக்கும் ஒரு பத்தி சேர்க்கலாம். பள்ளிச் சேர்க்கைப் படிவத்திலும் ஆஸ்பத்திரிப் படிவத்திலும் 'பெற்றோர் 1, பெற்றோர் 2' என்று போட ஓர் அரசாணை போதும். 1967இல் இதைவிடக் கடினமானதைச் செய்த மாநிலம் இது.

நாம் செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது. அடுத்த தடவை இப்படி ஒரு படம் பார்த்து அழுதுவிட்டு இதயம் போடும்போது, 'ஆனா' என்று தொடங்கும் அந்த வாக்கியத்தைக் கொஞ்சம் நிறுத்திவைத்து, அதன் மறுமுனையில் எந்தக் குழந்தை நிற்கிறது என்று யோசிக்கலாம்.

7

பையனுக்கு உடம்பு சரியான பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு வீட்டுக்காரர்களும் மாமல்லபுரம் போனோம். குழந்தைகள் மணலில் விளையாடினார்கள். நான் கடற்கரைக் கோயில் கருவறையின் பின்சுவரில் இருக்கும் சோமாஸ்கந்தரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சிவன், உமை, நடுவில் குழந்தை கந்தன். பல்லவர்களுக்குப் பிடித்தமான குடும்பப் படம். மகிடாசுரமர்த்தினி குகையிலும் இதே மூவர்தான்.

அந்தக் குழந்தையைச் சரவணப் பொய்கையில் பால் கொடுத்து வளர்த்தவர்கள் ஆறு கார்த்திகைப் பெண்கள் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்த கதை. கல்லில் அவர்கள் இல்லை. புராணத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்டுச் சட்டம் பேசுகிறவர்கள்மேல் எனக்கு எப்போதும் எரிச்சல், அதனால் இதிலிருந்து எந்த நியாயத்தையும் எடுக்கப் போவதில்லை. ஆனால் அவனைக் கார்த்திகேயன் என்று கூப்பிடுகிறவர்கள், வளர்த்தவர்களின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.

வெளியே வந்தபோது பையன் மணலிலிருந்து "அம்மா" என்று கத்தினான். இரண்டு பேரும் திரும்பினார்கள். பக்கத்தில் சோளம் விற்றுக்கொண்டிருந்த அம்மாள் ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு, அவர்களில் ஒருவரிடம் சிரித்துக்கொண்டே கேட்டார்: "பையனுக்கு நீங்க என்ன வேணும்?"

"சித்திங்க" என்றார் அவர், பழக்கத்தில்.

வருகிற ஜூனில் அவன் ஒன்றாம் வகுப்பு. படிவம் வந்துவிட்டது. அதில் 2 கட்டம் இருக்கிறது. ஒன்று நிரம்பியிருக்கிறது.